பொதுவெளியும் பூட்டிய அறைகளும்: இணையத்தில் நமது எழுத்து குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

01

இணையம் வந்ததோடு பொதுவெளி விரிந்துவிட்டது, இனி யாரும் எழுதலாம், யாரும் வாசிக்கலாம், ஆசிரியரின் கத்தரிக்கோலுக்கு வேலை இல்லை என்றொரு பேச்சு நமது இலக்கியச் சூழலில் இருபது வருடங்களுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. சிற்றிதழ் ஒன்றை அச்சிட்டு, கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்க் கொடுத்தவர்களுக்கு அந்தப் பேச்சு இனித்ததில் வியப்பில்லை. இனித்தவர்களுள் நானும் ஒருவன்.

இக்குறிப்புகள் அந்தப் பேச்சைக் கேள்விக்குட்படுத்த முனைகின்றன. யாரும் எழுதலாம் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் எழுதியது யாருடைய கையில் இருக்கிறது? அது யாரிடம் போய்ச் சேரும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? அந்த இடம் நமக்கு ஒவ்வாமற் போகும்போது, எதையெல்லாம் விட்டுவிட்டு நாம் வெளியேற வேண்டியிருக்கிறது? இந்த மூன்று கேள்விகளையும் நாம் கேட்கவேயில்லை. நமது விமர்சனம் பிரதிக்குள் இருக்கும் அதிகாரத்தை நன்றாகவே துருவிப் பார்த்தது. பிரதி தங்கியிருக்கும் இடத்தின் அதிகாரம் அதன் கண்ணில் படவில்லை.

ஜேர்மனியச் சிந்தனையாளர் ஹபர்மாஸ் 1962 இல் வெளியிட்ட நூலில், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கோப்பிக் கடைகளிலும் பத்திரிகைகளிலும் உருவான ஒரு வெளியைப் பற்றிப் பேசினார். அரச மாளிகைக்கும் தனிவீட்டுக்கும் இடையில், மனிதர்கள் கூடிப் பொது விடயங்களை விவாதித்த வெளி அது. நான்சி பிரேசர் 1990 இல் அதனை மறுத்து எழுதினார். அந்தக் கோப்பிக் கடையில் பெண்களுக்கும் வறியவர்களுக்கும் கதிரை இருக்கவில்லை, பொதுவெளி என்று ஒன்றை மட்டும் கொண்டாடுவது விளிம்பில் உள்ளவர்களை மறைப்பதாகும், அவர்கள் தமக்கெனச் சிறு வெளிகளை அமைத்துக்கொண்டு அங்கிருந்து பெருவெளியோடு மோத வேண்டியிருக்கிறது என்பது அவரது வாதம். ஈழத்துத் தமிழ் இலக்கியப் பரப்பில் ‘முஸ்லிம்’ என்ற அடையாளத்தோடு தனிச் சஞ்சிகைகள் நடத்தி வந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. நமக்கு வேண்டியது பல வெளிகளும் அவற்றுக்கிடையே பாதைகளும். இணையத்தில் அந்தப் பாதைகள்தான் அடைபட்டிருக்கின்றன.

02

பாதை என்று நான் சொல்வதைத் தபாலைக் கொண்டு விளக்கலாம். நமது ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணும் மத்திய கிழக்குக்குப் புறப்பட்ட காலத்தில், காத்தான்குடியிலிருந்து ஜித்தாவுக்குக் கடிதம் எழுதியவர் இலங்கை முத்திரையைத்தான் ஒட்டினார். சவூதியின் தபாற்காரர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு அரசுகள், இரண்டு மொழிகள், இரண்டு சட்டங்கள். கடிதம் மட்டும் தடையின்றிப் போயிற்று. 1874 இல் பேர்ன் நகரில் பல நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்பாட்டின் பயன் அது. அன்றுவரை நாட்டுக்கு நாடு தனித்தனி ஒப்பந்தமும் தனித்தனிக் கட்டணமும் இருந்தன.

மின்னஞ்சலும் அப்படித்தான். 1982 இல் வகுக்கப்பட்ட ஒரு பொது நியமத்தின்படி, யாருடைய சேவையில் இருப்பவரும் வேறு யாருடைய சேவையில் இருப்பவருக்கும் அஞ்சல் அனுப்பலாம். தொலைபேசியில் டயலொக் இணைப்புள்ளவர் மொபிட்டல் இணைப்புள்ளவரோடு பேசுகிறார். இதைக் கணினித் துறையினர் இடையியங்குதன்மை என்கின்றனர். வேறு வேறு உரிமையாளரின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பொது விதி என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

பேஸ்புக்கில் இந்த விதி இல்லை. அதில் எழுதியவருக்கு அதற்கு வெளியே நின்றுகொண்டு பதில் எழுத முடியாது. இலங்கையில் வட்ஸ்அப்பில் இருப்பவருக்கு டெலிகிராமிலிருந்து செய்தி அனுப்ப முடியாது. இதற்குத் தொழில்நுட்பம் போதாமையைக் காரணமாகக் காட்ட முடியாது. 2005 இல் தொடங்கப்பட்ட கூகுள் டோக், திறந்த நியமம் ஒன்றின் மூலம் 2006 முதல் பிற சேவைகளோடு பேசியது. 2013 இல் அதற்குப் பதிலாக ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவு சாத்தப்பட்டது. பேஸ்புக்கும் 2010 இல் தனது உரையாடல் வசதியை அதே நியமத்தின் வழியே வெளிச்செயலிகளுக்குத் திறந்து, 2015 இல் மூடியது. ஆள் சேரும்வரை கதவு திறந்திருந்தது, சேர்ந்தபின் பூட்டப்பட்டது. 2014 இல் வட்ஸ்அப் 19 பில்லியன் டொலர் கொடுத்து வாங்கப்பட்டபோது செயலியை விட அதிக விலை, உள்ளே இருந்த மனிதர்களுக்கே கொடுக்கப்பட்டது என்பது என் வாசிப்பு.

அல்பேர்ட் ஹேர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970 இல் ஒரு விடயத்தைச் சொன்னார். ஓர் அமைப்புச் சீர்கெடும்போது அதிலுள்ளவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று குரல் கொடுப்பது, மற்றது வெளியேறுவது. வெளியேறக்கூடும் என்ற நிலை இருந்தால் கொடுக்கும் குரலுக்கும் ஓர் எடை வரலாம். நண்பர்கள், வாசகர்கள், பத்து வருட எழுத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வெளியேறலாம் என்றால், அந்த இடத்தில் எழும் குரலை உரிமையாளர் ஏன் கேட்கப் போகிறார்?

03

எழுத்தின் வழியே பிரிவதும் சேர்வதும் நமக்குப் புதிதல்ல. அரபுத் தமிழ் நமது முன்னோர் அமைத்துக்கொண்ட ஒரு நியமம். அரபு எழுத்துகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து, தமிழின் ஒலிகளை அதில் அடக்கினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் ‘மகானி’ கடலின் இரு கரைகளிலும் வாசிக்கப்பட்டது அதனாற்றான். குர்ஆன் மத்ரஸாவில் ஓதப் படித்த பெண்களுக்கும் அது வாசிப்பைத் திறந்துவிட்டது. ஆனால் அதே எழுத்து, அயல்வீட்டுத் தமிழருக்கு நமது இலக்கியத்தை மூடியும் வைத்தது. பின்னர் பாடசாலைத் தமிழோடு வளர்ந்த நமது பிள்ளைகளுக்கே அது மூடுண்டு போயிற்று. 1882 இல் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கியதிலிருந்து நமது பொது உரையாடல் மெல்ல மெல்ல அச்சுத் தமிழுக்கு நகர்ந்தது. அரபுத் தமிழ் நூல்கள் பழைய பெட்டிகளில் வாசிக்க ஆளின்றிக் கிடந்தன. ஒரு நியமம் யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது, அதைக் கைவிட்டால் எது தொலைகிறது என்ற பாடம் நமது வீட்டிலேயே இருக்கிறது.

அந்தப் பாடத்தை நாம் ஒரு நூற்றாண்டு கழித்து மறந்தோம். கணினியில் தமிழ் தட்டெழுதத் தொடங்கியபோது நம் அச்சகங்கள் பலவற்றிலும் பாமினி போன்ற எழுத்துருக்களே இருந்தன. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த எழுத்துருக்கள் அவை. கணினியைப் பொறுத்தவரை நாம் எழுதியது தமிழே அல்ல. ஒழுங்கற்ற ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் முகமூடி. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். என்னிடம் 2001 ஆம் ஆண்டைய குறுந்தட்டு ஒன்று இருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து நடத்திய சஞ்சிகையின் மூன்று இதழ்கள் அதில் இருந்தன. சில வருடங்களுக்கு முன் திறந்து பார்த்தேன். கவிதைகள் இருந்த இடத்தில் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாக ஒரு குப்பை. அச்சுப் பிரதி ஒருவரின் வீட்டில் கறையான் அரித்த நிலையில் கிடைத்ததால் இரண்டு இதழ்கள் தப்பின. மூன்றாவது இதழின் நான்கு பக்கங்கள் இன்றுவரை இல்லை.

1991 இல் யுனிகோட் முதற்பதிப்பு வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றிருந்தது. 2000 இல் வந்த விண்டோஸ் பதிப்பு அதற்கு வழி செய்தது. அதற்கிடையில் தமிழ்நாட்டில் ஒரு நியமம், புலம்பெயர்ந்தோர் மத்தியில் இன்னொன்று, நமது அச்சகங்களில் வேறொன்று. இணையத்தில் தமிழ்ப் பொதுவெளி பிறந்தது, எல்லோரும் யுனிகோடுக்கு வந்த பிறகுதான். அதன் பிறகே ஒருவர் எழுதியதை மற்றவர் தேடவும் மேற்கோள் காட்டவும் முடிந்தது. இது பொதுவான நியமம் தந்த சனநாயகம். எந்தக் கம்பனியும் நமக்கு இனாமாகக் கொடுத்ததல்ல.

04

அடுத்து வந்த ஏழெட்டு வருடங்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். வலைப்பதிவுகளின் காலம் அது. ஒவ்வொருவருக்கும் தனி வீடு. செய்தியோடை என்ற எளிய நியமத்தின் மூலம் எந்த வீட்டில் என்ன புதிதாக எழுதப்பட்டிருக்கிறது என்பது வேறெங்கும் தெரிந்தது. 2004 இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் அந்த ஓடைகளைக் கொண்டுதான் தமிழ்ப் பதிவுகளை ஓரிடத்தில் காட்டின. அக்கரைப்பற்றில் எழுதப்பட்ட விமர்சனத்துக்கு ரொறொன்ரோவிலிருந்து தனது பதிவில் ஒருவர் மறுப்பு எழுதலாம். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டியதில்லை. சண்டைகள் இருந்தன, அநாமதேய வசைகள் இருந்தன. சாதியும் பிரதேசமும் மதமும் அங்கும் ஏறி வந்தன. ஆனால் வாதங்களுக்கு முகவரி இருந்தது. பத்து நாள் கழித்து வந்தவரும் முழுவதையும் வாசித்துவிட்டுப் பதில் எழுத முடிந்தது.

பின்னர் பேஸ்புக் வந்தது. உடனடி விருப்பக்குறி, உடனடிப் பின்னூட்டம். வலைப்பதிவு வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. 2013 இல் கூகுள் தனது செய்தியோடை வாசிப்பானை நிறுத்தியபோது நம்மில் அதைக் கவனித்தவர்கள் சிலரே. ஜியோசிட்டீஸ் 2009 இல் போனது. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக மூடப்பட்டன, அவற்றிலிருந்த உரையாடல்களும் அழிக்கப்பட்டன. ஒரு கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் இலாபம் குறைந்தால் ஒரு சமூகத்தின் விவாத வரலாறு போய்விடுகிறது. யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. இங்கோ தீயும் இல்லை, தீ வைத்தவரும் இல்லை. ஓர் அறிவித்தல் மட்டும் வந்தது.

05

இவை இலக்கியக்காரரின் மனக்குறைகள் மட்டுமாக இருந்தால் இத்தனை பக்கம் தேவையில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், உணவில் மலட்டுத்தன்மை மாத்திரை கலக்கப்படுகிறது என்ற பொய் ஒரு கடையையும் பள்ளிவாசலையும் தாக்கும் அளவுக்குப் போனது. மார்ச்சில் திகன எரிந்தது. முஸ்லிம்களைக் கொல்லுமாறு சிங்களத்தில் எழுதப்பட்ட பதிவைச் சுட்டிக்காட்டி முறையிட்டவர்களுக்கு, அது விதிகளை மீறவில்லை என்ற பதிலே பேஸ்புக்கிடமிருந்து கிடைத்ததாகச் சிவில் அமைப்புகள் அப்போதே பகிரங்கக் கடிதம் எழுதின. 2020 மே மாதத்தில்தான் அந்த நிறுவனம் தனது தளம் ஏற்படுத்திய மனித உரிமைப் பாதிப்புகளுக்காக மன்னிப்புக் கோரியது. இரண்டு வருடங்கள். எரிந்த கடைகளின் உரிமையாளர்களுக்கு அந்த மன்னிப்பு எந்த மொழியில் போய்ச் சேர்ந்திருக்கும்?

நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் இங்கேதான் உள்ளது. வெறுப்பு நமது ஊர்களில் பேஸ்புக்குக்கு முன்பும் இருந்தது. ஆனால் ஒரு நாட்டின் பேச்சு முழுவதும் ஒரே கம்பனியின் கூரையின் கீழ் இருந்ததால், அந்தக் கம்பனி சிங்களம் தெரிந்தவர்களைப் போதியளவு வைத்துக்கொள்ளாத ஒரே காரணத்தால், காவல் இல்லாத சந்தியாக முழு நாடும் ஆனது. அரசும் அதே கூரையைத்தான் பயன்படுத்தியது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் ஒரே உத்தரவில் எல்லாவற்றையும் முடக்கியது. வதந்தி நின்றதோ இல்லையோ, மகன் பத்திரமா என்று கேட்ட தாய்க்கும் பாதை அடைபட்டது.

2019 மே மாதம் சிலாபத்தில் நடந்தது வாசிப்பைப் பற்றிய ஒரு பாடம். முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி. அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற கருத்துப்பட எழுதியது. தனிப்பட்ட ஒருவருக்கான பதில் ஊருக்கே விட்ட மிரட்டலாக வாசிக்கப்பட்டது. கடைகள் கல்லெறிபட்டன, ஊரடங்கு வந்தது. பிரதி அதன் சூழலிலிருந்து பிரிக்கப்பட்டால் எந்த அர்த்தத்தையும் ஏற்கும் என்று கட்டுரைகளில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் நாம். அதன் விலையை ஒரு கடைக்காரர் கொடுத்தார்.

அரசின் வாசிப்பும் இதைவிட மேலானதல்ல. சிங்களச் சிறுகதையாசிரியர் சக்திக சத்குமார, பேஸ்புக்கில் வெளியிட்ட ‘அர்த’ என்ற கதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகிச் சில மாதங்கள் சிறையிலிருந்தார். குடியியல், அரசியல் உரிமைகளைக் காப்பதற்கென 2007 இல் வந்த சட்டம் ஒரு கதைக்கு எதிராகப் பாவிக்கப்பட்டது. நமது இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2017 இல் வெளியிட்ட ‘நவரசம்’ தொகுதிக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதையும் அத்தொகுதியில் இருந்தது. 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. தமிழ் வாசிக்கத் தெரியாத அதிகாரம் ஒரு தமிழ்க் கவிஞனின் ஒன்றரை வருடத்தைத் தின்றது. 2024 ஜனவரியில் 62 வாக்குகளுக்கெதிராக 108 வாக்குகளால் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் பொறுப்பை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் கொடுத்தது. கம்பனியின் அறையிலிருந்து தப்ப அரசின் அறைக்குள் போவது தீர்வாகாது என்பதற்கு இவ்வளவு போதும்.

06

மாற்று உண்டா? சிறிய அளவில் உண்டு. 2018 ஜனவரியில் அக்டிவிட்டிபப் என்ற சமூக ஊடக நியமத்தை உலகளாவிய வலை நியம அமைப்பு அங்கீகரித்தது. மஸ்டொடன் போன்ற செயலிகள் அதில் இயங்குகின்றன. எவரும் தமது சேவையகத்தை அமைத்து, தமது விதிகளை எழுதி, மற்றச் சேவையகங்களில் உள்ளவர்களோடு பேசலாம். பிடிக்காவிட்டால் தன்னைப் பின்தொடர்பவர்களையும் கூட்டிக்கொண்டு வேறு சேவையகத்துக்குக் குடிபெயரலாம். 2022 இல் டுவிட்டர் கைமாறியபோது பலர் அங்கு போனார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் இயற்றிய சட்டம், வட்ஸ்அப், மெசஞ்சர் போன்ற பெரிய செய்திச் சேவைகள் கேட்கும் சிறிய சேவைகளுக்குக் கதவு திறக்க வேண்டும் என்கிறது. அது ஐரோப்பியருக்கு. கொழும்பிலும் கல்முனையிலும் உள்ள நமக்கு அதே கம்பனிகள் அப்படியொரு கடப்பாட்டில் இல்லை.

ஆனால் இதனை நான் மருந்தாக முன்வைக்கவில்லை. 2019 இல் கேப் என்ற அமெரிக்கத் தீவிர வலதுசாரித் தளம் மஸ்டொடனின் மென்பொருளையே எடுத்துக்கொண்டு அந்த வலையமைப்புக்குள் நுழைந்தது. மற்றச் சேவையகங்கள் பல தாமாகவே கதவைச் சாத்தின. வெறுப்பு தனிமைப்பட்டது, ஒழியவில்லை. திறந்த பாதை வழியே நல்லவரும் வருவர், கல்லோடும் வருவர். நம்மைப் போன்ற கண்காணிக்கப்படும் சமூகத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லாம் திறந்து தேடத்தக்கதாக இருந்தால், முதலில் தேடுபவர் வாசகராக இருக்கமாட்டார். கவிஞனின் வழக்குக்குப் பிறகு இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஆகவே எல்லாச் சுவரையும் இடிப்போம் என்பதல்ல என் வாதம். சுவரை எங்கே வைப்பது, வாசலை எப்போது திறப்பது என்பதைக் குடியிருப்பவர் தீர்மானிக்க வேண்டும். இன்று அதைத் தீர்மானிப்பது வீட்டுக்காரரும் அல்லர், ஊராரும் அல்லர்.

07

இனி நம்மிடம் வருவோம். 2019 க்குப் பிறகு நமது இலக்கிய உரையாடலின் பெரும்பகுதி வட்ஸ்அப் குழுக்களுக்குள் போய்விட்டது. அச்சம் அதற்கு நியாயமான காரணம். பெண் எழுத்தாளர்களுக்கு வேறும் ஒரு காரணம் இருந்தது. பகிரங்கச் சுவரில் ஒரு கவிதை போட்டால் அதன் கீழே மார்க்கத் தீர்ப்பும் உடையைப் பற்றிய விசாரணையும் வந்து குவியும். மூடிய குழுவில் அவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். பிரேசர் சொன்ன சிறுவெளி இதுதான். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

எனது குறை அதன் பின் நடப்பதைப் பற்றியது. சிறுவெளியில் பேசியது பெருவெளிக்கு வருவதில்லை. ஒரு நாவலைப் பற்றி ஒரு குழுவில் நள்ளிரவு வரை நடக்கும் தரமான விவாதம் மறுநாள் ஜனாஸா அறிவித்தல்களுக்கும் காலை வணக்கப் படங்களுக்கும் அடியில் போய்விடுகிறது. தொலைபேசி மாறினால் அதுவும் இல்லை. வெளியே வருவது திரைப்பிடிப்புகள் மட்டுமே, அதுவும் ஒருவரை மாட்டிவிடுவதற்காக. குழு நிர்வாகியோ சில இடங்களில் பழைய நம்பிக்கையாளர் சபைத் தலைவரின் மறுபிறப்பு. எதிர்க்கருத்துச் சொன்னவர் காரணமின்றி நீக்கப்படுகிறார். முறையிட இடமில்லை. கம்பனியின் அதிகாரத்தைப் பற்றி நீளமாகப் பேசும் நாம், நமது கையில் கிடைத்த சிறு அதிகாரத்தையும் அதே விதமாகத்தான் பாவிக்கிறோம். விமர்சனம் இல்லாத, புகழ்ச்சி மாத்திரம் மிதக்கும் ஒரு சூழல் இப்படித்தான் உண்டாயிற்று. புதிதாக எழுத வரும் பிள்ளைக்கு, தனக்கு முன் என்ன விவாதிக்கப்பட்டது என்று அறிய வழியில்லை. அதனால் நாம் 2005 இல் முடித்த வாதத்தை அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. சஞ்சிகை நடத்துவோர் பழைய எழுத்துருக்களில் உள்ள கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றி வைக்கலாம். அச்சுப் பிரதிகளில் ஒன்றை, 2005 முதல் இப்பணியைச் செய்துவரும் நூலகத் திட்டத்துக்குக் கொடுக்கலாம். பேஸ்புக்கில் எழுதுவோர் முதலில் தமது சொந்தப் பக்கத்தில் எழுதிவிட்டு, அங்கே இணைப்பைக் கொடுக்கலாம். குழுக்கள் தமது விதிகளை எழுதி வைக்கலாம், நிர்வாகியை வருடத்துக்கொருமுறை மாற்றலாம். நல்ல விவாதம் நடந்தால் பேசியவர்களின் சம்மதத்தோடு, பெயர் வேண்டாம் என்போரின் பெயரை நீக்கி, தொகுத்து இதழில் போடலாம். திகன போன்ற ஒன்று மீண்டும் நடந்தால் பேஸ்புக்கை மட்டும் நம்பியிராமல் சிங்கள நண்பர்களோடு பேசுவதற்கு வேறு பாதைகளும் இப்போதே இருக்க வேண்டும். சிங்களத்தில் எழுதக்கூடிய நம்மவர்களின் தொகை குறைவல்ல, அவர்களுக்கு நமது இதழ்களில் இடம்தான் குறைவு.

மூன்றாவது இதழின் அந்த நான்கு பக்கங்களில் என்ன இருந்தது என்று நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் கவிதை என்றார், ஒருவர் நேர்காணல் என்றார். எழுதியவர் மௌத்தாகிவிட்டார். யாரிடமாவது அந்த இதழ் இருந்தால், அதை யுனிகோடில் தட்டெழுதிக் கொடுக்க நான் தயார்.